பழைய எண், புதிய எண், டிஸ்கின் பெயர்

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் எந்த வாசலைப் பார்த்தாலும் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். பழைய எண் 14, புதிய எண் 31, இந்த மாதிரி. சென்னையில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. கூரியர் கொண்டுவரும் பையன் தெருமுனையில் நின்றுகொண்டு "சார், பழசா புதுசா?" என்று போன் போடுவான், நாமும் இரண்டையும் சொல்லி, பக்கத்தில் இருக்கும் பிள்ளையார் கோயிலையும் சொல்லி, பச்சை கேட் என்றும் சொல்லிவைப்போம். வெகுநாளாக வரும் தபால்காரருக்கு மட்டும் இந்தத் தொல்லை கிடையாது. அவர் எண்ணைப் பார்ப்பதில்லை. உறைமேல் இருக்கும் பெயரைப் பார்ப்பார், ஆளைத் தெரியும், நேராக வந்து கொடுத்துவிட்டுப் போவார்.

சர்வர்களில் டிஸ்க் சேர்ப்பதும் எடுப்பதும்தான் என் வேலையில் பெரும்பகுதி. இந்த வேலையில் நான் பார்த்த பெரிய தவறுகள் எல்லாமே, என்னுடையதும் சேர்த்து, வாசலில் எழுதியிருக்கும் எண்ணையே வீட்டுக்காரர் என்று நினைத்துக்கொண்டதில்தான் ஆரம்பித்தன. மெஷினில் இருக்கும் டிஸ்குகளுக்குப் பெயர் வைத்துக் காட்டும் டெவ் டைரக்டரியில் தெரியும் பதிவு வேறு, கையில் தொட்டுப் பார்க்கிற டிஸ்க் வேறு. டிஸ்க் போன பிறகும் பதிவு இருக்கும், பதிவை அழித்தாலும் டிஸ்க் இருக்கும், நேற்று ஒரு டிஸ்கைக் காட்டிய பெயர் இன்று வேறொன்றைக் காட்டும். கமாண்டுகளை அலுவலகத்தில் வாயால் எப்படிச் சொல்லிக்கொள்வோமோ அப்படியே எழுதுகிறேன், இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் புரிந்துவிடும்.

முதலில் ஒரு பதிவைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஒரு லினக்ஸ் மெஷினில் டெவ் டைரக்டரிக்குள் இருக்கும் எஸ்டிபி என்ற பெயருக்கு எல்எஸ் மைனஸ் எல் கொடுத்துப் பாருங்கள். வரியின் முதல் எழுத்து பி. சாதாரண ஃபைலாக இருந்தால் அங்கே ஒரு சிறு கோடு இருக்கும், டைரக்டரியாக இருந்தால் டி இருக்கும், இது பிளாக் டிவைஸ் என்பதால் பி. அப்புறம் ஃபைலின் அளவு இருக்கவேண்டிய இடத்தில் அளவே இருக்காது. 8 என்று ஒரு எண், ஒரு காற்புள்ளி, 16 என்று இன்னொரு எண். பெயரையும் அனுமதிகளையும் விட்டால் அந்தப் பதிவில் இருக்கும் சங்கதி அவ்வளவுதான். 8 என்பது மேஜர் எண், எந்த டிரைவரிடம் போகவேண்டும் என்று கெர்னலுக்கு, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதிக்கு, சொல்வது. 16 என்பது மைனர் எண், அந்த டிரைவரிடம் இருக்கும் டிஸ்குகளில் எது என்று சொல்வது. எஸ்டிஏவுக்கு 0, எஸ்டிபிக்கு 16, எஸ்டிசிக்கு 32 என்று தாவித் தாவிப் போகும், ஏனென்றால் ஒவ்வொரு டிஸ்குக்கும் 16 எண்கள் ஒதுக்கியிருக்கிறார்கள், முதலாவது முழு டிஸ்குக்கு, மீதி 15 அதன் பார்டிஷன்களுக்கு.

இந்தப் பதிவை ஆர்எம் போட்டு அழித்தால் டிஸ்கில் இருக்கும் ஒரு பைட்கூட அசையாது. எம்கேநோட் கமாண்டில் பி, 8, 16 என்று கொடுத்தால் பதிவு திரும்ப வந்துவிடும். வேண்டுமானால் அதற்கு வேறு எந்தப் பெயரையும் வைக்கலாம், அதே டிஸ்க்தான் திறக்கும். டிவைஸை ஒரு ஃபைலாகக் காட்டும் இந்த ஏற்பாடு 1971-இல் வந்த யூனிக்ஸ் முதல் பதிப்பின் கையேட்டிலேயே இருக்கிறது. இத்தனை வருடம் தாங்கி நிற்கிற அழகான யோசனை, எனக்கு இதன்மேல் இன்னமும் மரியாதை குறையவில்லை.

சரி, எஸ்டிஏ, எஸ்டிபி என்ற எழுத்தை யார் கொடுப்பது? கெர்னல்தான். பூட் ஆகும்போது எந்த டிஸ்க் முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு ஏ, அடுத்து வருவதற்கு பி. கல்யாணப் பந்தியில் முதலில் வந்தவருக்கு முதல் இலை என்கிற கணக்கு. அடுத்த கல்யாணத்திலும் அவரே முதல் இலையில் உட்கார்வார் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. கேபிளை மாற்றிச் செருகினால், நடுவில் ஒரு யுஎஸ்பி டிஸ்க் நுழைந்தால், ஒரு டிஸ்க் சுழன்று தயாராகக் கொஞ்சம் அதிகநேரம் எடுத்துக்கொண்டால், வரிசை மாறும்.

இதை நான் தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். என் தாத்தா ரங்கூனில் இருந்தபோது எடுத்த படங்கள், அம்மாவின் கல்யாண ஆல்பம், எல்லாவற்றையும் ஒரு கோடை விடுமுறையில் உட்கார்ந்து ஸ்கேன் செய்து வீட்டு மெஷினில் ஒரு 2 டிபி டிஸ்கில் வைத்திருந்தேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து அசல் ஆல்பம் ஊறி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகங்கள் உரிந்து வந்தன. ஸ்கேன் இருக்கிறதே என்று அம்மாவுக்கு ஆறுதல் சொன்னேன். அடுத்த வருடம் பேக்கப்புக்காக ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதே கம்பெனி, அதே மாடல், அதே 2 டிபியில் இன்னொரு டிஸ்க் வாங்கி மாட்டினேன். நோட்டில் "எஸ்டிபி புதுசு, எஸ்டிசி படம்" என்று எழுதியும் வைத்தேன். புதியதை ஃபார்மட் செய்வதற்குள் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தது. எங்கள் தெருவில் மரம் விழுந்து நான்கு நாள் கரண்ட் இல்லை, ஜன்னல் வழியாகச் சாரல் அடித்ததால் மெஷினைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினேன். கேபிள் இரண்டும் இடம் மாறியதை நான் கவனிக்கவில்லை.

கரண்ட் வந்த அன்று இரவு நோட்டைப் பார்த்து எஸ்டிபிக்கு எம்கேஎஃப்எஸ், அதாவது ஃபார்மட் செய்யும் கமாண்டை, கொடுத்தேன். அதில் ஏற்கெனவே ஃபைல் சிஸ்டம் இருந்தால் அந்தக் கமாண்ட் நிறுத்திக் கேட்கும். ஆனால் நான் பழைய ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டினேன், அதில் கேட்காமல் செய் என்று சொல்லும் பெரிய எஃப் ஏற்கெனவே இருந்தது. அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. மவுண்ட் செய்து, அதாவது டிஸ்கை ஒரு டைரக்டரியோடு இணைத்து, பார்த்தால் படம் இருக்கவேண்டிய டிஸ்கில் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் என்ற ஒரே டைரக்டரி. மீட்பு மென்பொருளை மூன்று இரவு ஓட்டியதில் பாதிக்கு மேல் கிடைத்தன, பெயர் இல்லாமல், வரிசை இல்லாமல். தாத்தா கப்பல் தளத்தில் நிற்கும் படம் கிடைக்கவே இல்லை.

அன்றிலிருந்து எந்த டிஸ்கைத் தொடுவதற்கு முன்பும் அதனிடமே நீ யார் என்று கேட்கிறேன். எல்எஸ்பிளாக் கமாண்டை வெறுமனே கொடுத்தால் பெயர், அளவு, மவுண்ட் ஆன இடம் மாதிரியானவைதான் தெரியும், சீரியல் தெரியாது. அதோடு மைனஸ் ஓ போட்டு நேம், சைஸ், மாடல், சீரியல், டபிள்யூடபிள்யூஎன் (ஒவ்வொரு டிஸ்குக்கும் உலகளவில் தனியாகக் கொடுக்கும் எண்) என்ற பத்திகளையும் கேளுங்கள். சீரியல் எண் டிஸ்கின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் அச்சாகியிருக்கும் அதே எண். அதுதான் ஆள். டெவ் டைரக்டரிக்குள்ளே டிஸ்க் என்ற டைரக்டரியில் பை-ஐடி என்று ஒன்று இருக்கிறது, அதில் மாடலும் சீரியலும் சேர்ந்த நீளமான பெயர்கள் இருக்கும், ஒவ்வொன்றும் இப்போதைய எஸ்டி பெயருக்கு ஓர் அம்புக்குறி. யுடெவ் என்ற மென்பொருள் டிஸ்க் வரும்போதெல்லாம் இந்த இணைப்புகளைப் புதுப்பிக்கும். எழுத்து மாறினாலும் இந்தப் பெயர் மாறாது. ஸ்கிரிப்டில் எழுதவேண்டியது இதைத்தான்.

பூட் ஆகும்போது எதை எங்கே மவுண்ட் செய்யவேண்டும் என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலிலும் அப்படியே, எஸ்டி பெயரை எழுதாதீர்கள், யுயுஐடியை எழுதுங்கள், பிஎல்கே-ஐடி கமாண்ட் கொடுத்தால் 36 எழுத்து நீளத்தில் வரும். ஒன்றை மட்டும் மனதில் வைக்கவேண்டும்: யுயுஐடி டிஸ்குடையது இல்லை, ஃபைல் சிஸ்டத்துடையது. டிடி போட்டு ஒரு டிஸ்கை இன்னொன்றுக்கு அப்படியே நகல் எடுத்தால் இரண்டுக்கும் ஒரே யுயுஐடி. இரண்டையும் ஒன்றாக மாட்டி வைத்தால் எது மவுண்ட் ஆகும் என்று சொல்லமுடியாது. ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் வகையாக இருந்தால் ஒன்று மவுண்டாகி இருக்கும்போது இன்னொன்றை ஏற்க மறுத்துவிடும், ஈஎக்ஸ்டி4 அப்படிக் காப்பாற்றாது.

எஃப்எஸ்டேப் பற்றி இன்னொன்று. டிஸ்கைக் கழற்றிவிட்டு அதன் வரியை அப்படியே விட்டுவிட்டால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து ரீபூட் செய்யும்போது, பூட்டை நடத்தும் சிஸ்டம்டி அந்த டிஸ்குக்காக 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும் "சர்வர் எழுந்திருக்கவில்லை" அழைப்புகளில் பலவற்றுக்குக் காரணம் இந்த ஒரு வரிதான். பூட்டுக்கு அவசியமில்லாத டிஸ்குகளுக்கு நோஃபெயில் என்று சேர்த்துவிடுங்கள். ஃபைலை மாற்றியதும் ஃபைண்ட்மவுண்ட் கமாண்டை வெரிஃபை என்ற ஆப்ஷனோடு ஓட்டுங்கள், பிழை இருந்தால் அப்போதே சொல்லிவிடும்.

இதெல்லாம் டிஸ்க் இருக்கும்போது பெயர் மாறுகிற கதை. டிஸ்க் போன பிறகும் பெயர் இருக்கிற கதை இதைவிடக் கஷ்டமானது. போன வருடம் ஆடி மாதம், இரவு ஒன்றரை மணி இருக்கும், எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டரில் இருந்து கூப்பிட்டான்.

"அண்ணா, டிஎஃப் அடிச்சா அப்படியே நிக்குது. கன்ட்ரோல் சி போட்டாலும் வரல."

"லோடு எவ்வளவு காட்டுது?"

"முப்பத்தெட்டு. ஏறிக்கிட்டே இருக்கு. ஆனா சிபியு சும்மாதான் இருக்கு அண்ணா. கில் மைனஸ் 9 போட்டும் சாகல. ரீபூட் பண்ணிடவா?"

"வேணாம், இரு. பிஎஸ் போட்டு எத்தனை பிராசஸ் டி ஸ்டேட்ல இருக்குன்னு பாரு."

நாற்பது பக்கம் இருந்தன. டி ஸ்டேட் என்றால் டிஸ்கின் பதிலுக்காகக் காத்து உறைந்துபோன நிலை. நடந்தது இதுதான். பழைய லன் ஒன்றை (ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து சர்வருக்கு ஒதுக்கிய டிஸ்க்) அன்று இரவு எடுத்துவிடவேண்டும் என்று திட்டம். சர்வர் பக்கம் நாங்கள் பதிவுகளைக் கழற்றி முடித்துத் தகவல் சொன்ன பிறகுதான் ஸ்டோரேஜ் பக்கம் அன்மேப் செய்து ஒதுக்கீட்டை எடுக்கவேண்டும். யாரோ முந்திக்கொண்டு அன்மேப் செய்துவிட்டார்கள். டிஸ்க் போய்விட்டது, ஆனால் கெர்னலின் பட்டியலில் அதற்குப் போகும் நான்கு பாதைகளும் எஸ்டிஎஃப், எஸ்டிகே, எஸ்டிபி, எஸ்டியு என்று அப்படியே உட்கார்ந்திருந்தன. (இங்கே வரும் எஸ்டிபி முன்பு சொன்ன பி இல்லை, பழனிக்கு வரும் பி. தமிழில் இரண்டும் ஒரே எழுத்தாகிவிடுகிறது. போனில் பேசும்போதும் இந்தக் குழப்பம் வரும், அதனால் நாங்கள் பாம்பே பி, பாரிஸ் பி என்று பிரித்துச் சொல்வோம்.) மேலே, இந்தப் பாதைகளை ஒரே டிஸ்காகச் சேர்த்துக் காட்டும் மல்டிபாத்தில், பாதை எதுவும் இல்லையென்றால் வரிசையில் வைத்துக் காத்திரு என்ற அமைப்பு போட்டிருந்தது. ஆகவே வராத டிஸ்குக்காக எழுத்தும் படிப்பும் எல்லாம் வரிசையில் நின்றன, அந்த வரிசையைத் தொட்ட ஒவ்வொரு பிராசஸும் டி ஸ்டேட்டில் போய் விழுந்தது. டி ஸ்டேட்டில் அந்த மாதிரி மாட்டிக்கொண்டது கில்லுக்கு அசையாது, ஐஓ முடியவேண்டும் அல்லது பிழையோடு திரும்பவேண்டும். டிஎஃப் என்பது காலி இடம் எவ்வளவு என்று பார்க்கும் கமாண்ட், எல்லா மவுண்டையும் போய்க் கேட்கும், அதனால் அதுவும் மாட்டியது. பையன் நிலைமை பார்க்க நான்கு தடவை டிஎஃப் அடித்திருந்தான், அந்த நான்கும் பட்டியலில் இருந்தன.

முதல் வேலையாக மல்டிபாத்-டியிடம் அந்த மேப்புக்கு மட்டும் டிஸேபிள் கியூயிங் சொன்னோம். காத்திருந்த ஐஓ எல்லாம் பிழையாகத் திரும்பியது, பிராசஸ்கள் ஒவ்வொன்றாக விடுபட்டன, லோடு இறங்கத் தொடங்கியது. பிறகு அன்மவுண்ட், அதன்மேல் இருந்த எல்விஎம் அடுக்கை (டிஸ்கைப் பகுதிகளாகப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு) அகற்றியது, மல்டிபாத் மைனஸ் சின்ன எஃப் கொடுத்து மேப்பை எடுத்தது, கடைசியாக நான்கு பாதைகளையும் ஒவ்வொன்றாக டெலீட் செய்தது. மூன்று மணிக்கு முடிந்தது, ரீபூட் தேவைப்படவில்லை. அந்த சர்வரில் வேறு நான்கு டேட்டாபேஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன, எதற்கும் பங்கமில்லை.

ஒழுங்காகச் செய்தாலும் இதே வரிசைதான், மேலிருந்து கீழே. பந்தலைப் பிரிக்கும்போது யாரும் காலை முதலில் பிடுங்கமாட்டார்கள் அல்லவா, கூரையை இறக்கி, குறுக்குக் கழியை அவிழ்த்து, அப்புறம்தான் கால். அப்ளிகேஷனை நிறுத்தி, எஃப்யூசர் போட்டு யாராவது பிடித்துக்கொண்டிருக்கிறார்களா என்று பார்த்து, அன்மவுண்ட் செய்து, எஃப்எஸ்டேப் வரியை எடுத்து, எல்விஎம்மின் வால்யூம் குரூப்பை விடுவித்து, மல்டிபாத் மேப்பை எடுத்து, அப்புறம் சிஸ் டைரக்டரிக்குள்ளே பிளாக், அதற்குள் டிஸ்கின் பெயர், அதற்குள் டிவைஸ் என்று போனால் டெலீட் என்று ஒரு ஃபைல் இருக்கும், அதில் 1 என்று எழுதவேண்டும். எழுதிய நொடியில் பதிவு மறையும். இதில் ஒரு சின்ன இடறல் உண்டு: சூடோ எக்கோ 1 என்று போட்டு அம்புக்குறியால் திருப்பினால் அனுமதி இல்லை என்று வரும், ஏனென்றால் சூடோ தரும் நிர்வாகி அனுமதி எக்கோவுக்கு மட்டும்தான், திருப்பிவிடும் வேலையைச் செய்வது உங்கள் ஷெல். எக்கோவைக் குழாய் வழியாக சூடோ டீ கமாண்டுக்கு அனுப்புங்கள்.

மற்ற யூனிக்ஸ்களில் கமாண்ட் வேறு, விஷயம் ஒன்றுதான். ஏஐஎக்ஸ் இதை ரொம்ப வெளிப்படையாக வைத்திருக்கிறது, அதனால் எனக்குப் பிடிக்கும். எல்எஸ்டெவ் போட்டால் ஒவ்வொரு டிஸ்கின் பக்கத்திலும் அவெய்லபிள் அல்லது டிஃபைன்ட் என்று எழுதியிருக்கும். டிஃபைன்ட் என்றால் ஓடிஎம் என்ற அதன் தரவுத்தளத்தில் பதிவு இருக்கிறது, டிஸ்க் இப்போது பயன்பாட்டில் இல்லை. ஆர்எம்டெவ் மைனஸ் எல் மட்டும் கொடுத்தால் டிஸ்க் டிஃபைன்ட் ஆகும், டி எல் என்று சேர்த்துக் கொடுத்தால்தான் பதிவும் போகும். அந்த ஒரு எழுத்தை மறந்து விட்டுப்போன டிஃபைன்ட் டிஸ்குகள் வருடக்கணக்காகப் பட்டியலில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். டிஸ்க் பயன்பாட்டில் இருந்தால் டிவைஸ் பிஸி என்று மறுத்துவிடும், அது நல்லது. அழித்த ஹெச்டிஸ்க் எண்ணை சிஎஃப்ஜி மேனேஜர் அடுத்து வரும் டிஸ்குக்குக் கொடுத்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது, அங்கே ஆளைக் காட்டுவது டிஸ்கிலேயே எழுதப்படும் பிவிஐடி, எல்எஸ்பிவியில் தெரியும்.

சோலாரிஸில் டிஸ்க் பெயர் சி, டி, டி என்று வரும், கன்ட்ரோலர், டார்கெட், டிஸ்க். டெவ் டைரக்டரியில் இருப்பவை டிவைசஸ் டைரக்டரிக்குப் போகும் இணைப்புகள்தான், டிஸ்க் போன பிறகு அவை எங்கும் போகாத இணைப்புகளாகத் தொங்கும், டெவ்எஃப்எஸ்-ஏடிஎம் மைனஸ் பெரிய சி ஓட்டினால் பெருக்கித் தள்ளிவிடும். ஹெச்பி-யூஎக்ஸ் 11ஐ வி3-இல் எங்கள் தெருவைப் போலவே பழைய பெயர் ஒன்று, புதிய பெயர் ஒன்று, இரண்டும் ஒரே டிஸ்குக்கு. பழையது பாதையைச் சொல்லும், பாதை மாறினால் பெயரும் மாறும். புதியது டிஸ்கின் அடையாளத்தோடு ஒட்டிக்கொண்டது. எந்தப் பழைய எண் எந்தப் புதிய எண் என்று கேட்க ஐஓஸ்கேனில் மைனஸ் எம் டிஎஸ்எஃப் என்று தனி ஆப்ஷனே உண்டு.

இப்போது புதிய டிஸ்க் சேர்ப்பதற்கு வருகிறேன், இங்கேதான் பழைய பதிவை அழிக்காமல் விட்டதன் உண்மையான ஆபத்து இருக்கிறது. லினக்ஸில் சிஸ் டைரக்டரிக்குள் கிளாஸ், ஸ்கஸி ஹோஸ்ட், அதற்குள் ஒவ்வொரு ஹோஸ்டிலும் ஸ்கேன் என்று ஒரு ஃபைல் உண்டு. அதில் மூன்று சிறு கோடுகளை இடைவெளி விட்டு எழுதினால் எந்த சேனல், எந்த டார்கெட், எந்த லன் ஆனாலும் தேடு என்று பொருள், புதியது தென்படும். ஆனால் லன் 5 என்ற எண்ணில் இருந்த பழைய டிஸ்கை அன்மேப் செய்துவிட்டு, சர்வரில் பதிவை அழிக்காமல், அதே லன் 5 எண்ணில் வேறொரு டிஸ்கைக் கொடுத்தால் என்ன ஆகும்? கெர்னலுக்கு அந்த முகவரியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார். புதிதாக ஒன்றும் தென்படாது. பழைய எஸ்டிஎஃப் பெயரில், பழைய அளவோடு, உள்ளே புது டிஸ்க். லன் ஒதுக்கீடு மாறியிருக்கிறது, நான் தானாக மாற்றிக்கொள்ளமாட்டேன் என்று கெர்னல் லாகில் ஒரு எச்சரிக்கை எழுதிவைக்கும், டிமெசேஜ் பார்த்தால் தெரியும். பார்க்காமல் அதில் எழுதினால் ஒரு டிஸ்குக்குப் போகவேண்டியது இன்னொன்றில் போய் விழும். பேக்கப் வரைக்கும் எல்லாம் பச்சையாகவே காட்டும்.

அதனால் அந்த ஆடி மாத இரவுக்குப் பிறகு எங்கள் டீமில் டிக்கெட்டில் எஸ்டி பெயரை எழுதுவதில்லை. டபிள்யூடபிள்யூஎன் மட்டும்தான். ஸ்டோரேஜ் பக்கம் இருப்பவரும் தன் திரையில் அதே எண்ணைப் பார்த்துப் பதில் எழுதவேண்டும், எழுதிய பிறகு சர்வரில் இருப்பவர் போன் போடவேண்டும். போன வாரமும் அந்தப் பையன் கூப்பிட்டான், பின்னால் ஏசி இரைச்சல், சத்தமாகத்தான் பேசவேண்டியிருந்தது.

"அண்ணா, கடைசி நாலு சொல்றேன். ஏழு, ஈ, ஜீரோ, நாலு."

"டிக்கெட்ல?"

"அதேதான். ஏழு, ஈ, ஜீரோ, நாலு. நாலு பாதையிலயும் பார்த்துட்டேன்."

"சரிப்பா, டெலீட் போடு."